நாக்குக்கு முன்னால் மூக்கு
வாசகர் கேள்வி பதில்

பெங்களூரில் என் அக்கா மகன் வேலை பார்க்கும் மைக்ரோ ப்ரூவரியில் (சின்ன பீர்ச் சாலை) எட்டு பீர்களை ருசி பார்த்து மார்க் போட்டதைப் பற்றிப் போன இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். மாம்பழக் கூழைப் பற்றி இதே பக்கத்தில் மூன்று வருடமாக எழுதுகிறேன். அதற்கு வந்த கடிதங்களை விரல் விட்டு எண்ணலாம். பீருக்கு ஒரே பத்தி, ஒரு கட்டுக் கடிதம்! பாதிக்கு மேல் 'பெயர் வேண்டாம்' என்ற குறிப்போடு வந்திருக்கிறது. சரி, ஊரை மட்டும் போடுகிறேன். 21 வயது ஆகாதவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் லேபில் 26 சீசன் வேலை பார்த்தவன். தினமும் காலையில் ஸ்பூனும் நோட்டுமாக உட்கார்ந்து கூழை முகர்ந்து, ருசித்து, எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் கெமிஸ்ட் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். நோட்டில் 'நல்லா இருக்கு' என்று எழுதக்கூடாது. எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

எட்டு சதவீத பீர் ஒன்றில் 'தோத்தாபுரிக் காம்பு வாசனை' என்று எழுதியிருந்தீர்கள். பீரில் மாங்காய் போடுகிறார்களா? (பழைய பேட்டை, கிருஷ்ணகிரி)

மாங்காய் எதுவும் போடவில்லை. எல்லாம் ஹாப்ஸ் செய்கிற வேலை. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பச்சையாக, செதில் செதிலாக, சின்னக் கூம்பு மாதிரி இருக்கும். இதழைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். கசப்பு, வாசனை இரண்டும் அந்தத் தூளில்தான். கஞ்சாச் செடியும் இதுவும் தாவரக் கணக்கில் ஒரே குடும்பம், பங்காளிகள். ஆனால் அந்தப் பங்காளியின் குணம் இதற்குக் கிடையாது.

மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாறு கொதிக்கத் தொடங்கும்போதே ஹாப்ஸைப் போட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியோடு போய்விடும். கொதித்து ஆறி, ஈஸ்ட் அதை நொதிக்கவைக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதோ முடித்த பிறகோ போட்டால் வாசனை தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழை கிள்ளிப் போடுகிறோமே, அதே கணக்குதான். இதற்கு 'ட்ரை ஹாப்பிங்' என்று பெயர். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற, ஹாப்ஸ் தூக்கலான பீர் வகையில் இந்தக் கடைசிக் கைப்பிடிதான் பெயர் வாங்கிக் கொடுப்பது.

இப்போது மாங்காய்க்கு வருகிறேன். ஹாப்ஸ் எண்ணெயில் பெரும்பங்கு மிர்சீன் என்ற பொருள். மாங்காய்க் காம்பைக் கிள்ளியதும் பீச்சி அடிக்குமே பால், அதிலும் இதே மிர்சீன் உண்டு. ஆகவே நான் எழுதியது கவிதை இல்லை, சரக்கு அதுதான். சீசனில் லாரியிலிருந்து தோத்தாபுரி இறக்கும்போது பையன்கள் காம்பை ஒடித்து ஒடித்துக் கூடையில் போடுவார்கள். வெயிலில் அந்தப் பால் காய்ந்து ஒரு வாசனை வரும். பாதி பிசின், பாதி மண்ணெண்ணெய், நடுவில் எங்கேயோ ஒரு புளிப்பு. என் முதல் சீசனில் அந்தப் பால் இடது முன்னங்கையில் பட்டு வெந்துபோன கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. மருமகன் கொடுத்த கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நான் குடிக்கவில்லை, அந்தத் தழும்பைத்தான் பார்த்தேன். அவன், "என்ன மாமா, புடிக்கலையா?" என்றான்.

ஹாப்ஸிலும் நம் மாமரம் போல ரகம் ரகமாக உண்டு. 1972-இல் வெளிவந்த கேஸ்கேட் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினது போல இருக்கும். சிம்கோவில் பைன் மரப் பிசின். 2007-இல் வந்த சிட்ராவில் எலுமிச்சைத் தோலும் பழுத்த பழமும். 2012-இல் வந்த மொசைக் நாளுக்கு ஒரு முகம் காட்டும். ஒரு தொகுதியில் மாம்பழம், இன்னொன்றில் லேசாக வெங்காயம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கு இந்தக் கொடிக்குப் பேர் போன இடம், நம் பக்கத்துக்கு மா போல.

எனக்கு ஒரு குறை உண்டு. பீர் எழுத்தாளர்கள் 'மாம்பழ வாசனை' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த மாம்பழம்? செந்தூராவா, நீலமா, அல்போன்சாவா? பழமா, காயா? காம்புப் பக்கமா, கொட்டைப் பக்கமா? நம் மாவட்டத்தில் ஒருவர் வெறுமனே 'மாம்பழ வாசனை' என்று சொன்னால் சந்தையில் சிரிப்பார்கள். என் நோட்டில் நான் 'நீலம், நன்கு பழுத்தது, தோலோடு' என்று எழுதுவேன். ஒரு பீரில் 'கொதித்த கூழ்' என்று எழுத நேர்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அது பழைய பீராக இருக்கும், அல்லது வெயிலில் கிடந்ததாக இருக்கும்.

நம்ம டாஸ்மாக் ஸ்ட்ராங் பீரிலும் ஏறக்குறைய அதே சதவீதம்தானே! விலையைத் தவிர என்ன வித்தியாசம்? (ஊத்தங்கரை)

போதைக்கு மட்டும் என்றால் வித்தியாசம் இல்லை, நீங்கள் சொல்வது சரி. ஸ்ட்ராங் பீர் என்பது லாகர், அதாவது குளிர்ச்சியில் நொதிக்கவைக்கும் வகை. அரிசி, சர்க்கரை என்று ஏதாவது சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுவது வழக்கம், ஹாப்ஸ் பெயருக்குத்தான். நான் எழுதிய எட்டு சதவீத பீர் டபுள் ஐபிஏ, அதாவது ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூட்டிய ஐபிஏ. இந்த ரகத்தில் ஆல்கஹால் 7.5 முதல் 10 சதவீதம் வரை. கசப்பை ஐபியு என்ற அலகில் அளப்பார்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்பு இருந்தால் ஏறக்குறைய ஒரு ஐபியு. டபுள் ஐபிஏவில் அது 60 முதல் 100 வரை போகும். அதற்கு மேல் ஏற்றினாலும் நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆயிரம் ஐபியு என்று விளம்பரம் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். வேடிக்கை என்னவென்றால் டபுள் ஐபிஏவிலும் கொஞ்சம் சர்க்கரை போடுவது உண்டு. போதைக்காக மட்டும் இல்லை, பீர் பாயசம் மாதிரி கனக்காமல் வறண்டு முடிவதற்காக.

இந்த ரகம் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். 1994-இல் கலிஃபோர்னியாவின் டெமெக்குலாவில் வின்னி சிலுர்சோ என்பவர் ப்ளைண்ட் பிக் என்ற சின்ன ப்ரூவரியில் முதல் பீர் காய்ச்சுகிறார். சாமான் எல்லாம் பழசு. ஏதாவது கெட்ட ருசி வந்தாலும் மூடிவிடட்டும் என்று ஹாப்ஸை இரட்டிப்பாக்கினாராம். பின்னாளில் அவரே சொன்னது. அவருடைய 'பிளைனி தி எல்டர்' என்ற எட்டு சதவீத பீர் இன்றைக்கும் இந்த ரகத்துக்கு அளவுகோல். பெயர், ஹாப்ஸைப் பற்றி எழுதியதாகச் சொல்லப்படும் ரோமாபுரி ஆசிரியருடையது. குறையை மூடப் பிறந்த ரகம் என்பதை மார்க் போடும்போது நான் மறப்பதில்லை. கசப்புக்குக் கீழே என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். கூழிலும் அப்படித்தான், சர்க்கரைக்குக் கீழேதான் பார்க்க வேண்டும்.

ஐபிஏவில் 'இந்தியா' எப்படி வந்தது? கப்பலில் கெடாமல் இருக்க நமக்காகவே கண்டுபிடித்தார்களாமே? (தருமபுரி)

பாதி உண்மை. ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும் என்பது சரி. ஆனால் இந்தியாவுக்கென்று யாரோ ஒருநாள் உட்கார்ந்து கண்டுபிடித்ததாகச் சொல்வது கட்டுக்கதை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர்ச் சாலை இருந்தது. கப்பல் கேப்டன்கள் அவரிடம் கடனுக்கு வாங்கி ஏற்றினார்கள். நீண்ட நாள் வைத்திருக்கவென்று அங்கே ஏற்கெனவே காய்ச்சிக்கொண்டிருந்த வெளிர் பீர் கடல் பயணத்தில் நன்றாகப் பக்குவப்பட்டது, அவ்வளவுதான். 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து சேர்ந்தது, ஒன்றும் கெடவில்லை. 1792-இல் நம் பாராமகால் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பழைய பெயர்) திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போன சமயம், ஹாட்ஜ்சன் பீர் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த காலம்தான்.

மார்க் எப்படிப் போடுகிறீர்கள்? எதற்கு எவ்வளவு? (பாலக்கோடு)

அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் தாளைத்தான் மருமகன் வைத்திருக்கிறான். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. 45-க்கு மேல் என்றால் உலகத்தரம். நான் இதுவரை 45 போட்டதில்லை. கையும் வரவில்லை, பீரும் வரவில்லை.

நிறத்துக்கு மூன்றே மார்க் என்பது எனக்குச் சந்தோஷம். ஏற்றுமதிக்காரர்கள் கூழில் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அவர்களோடு 26 வருடம் மாரடித்தவன் நான்.

ஊற்றியதும் முதலில் மூக்கு. பறந்துபோகிற வாசனை முதல் அரை நிமிடத்தில் பறந்துவிடும், நிறம் எங்கேயும் போகாது. கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு சின்ன மூச்சு, எழுது. அப்புறம் ஒரு வாய், விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடு, மறுபடி எழுது. பீரைத் துப்புவது அவ்வளவாக வழக்கமில்லை. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறுகிற வாசனையும் கசப்பு எப்படி முடிகிறது என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் ஊற்றுவதே ஐம்பது அறுபது மில்லி. லேசானது முதலில், கனமானது கடைசியில். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத பொரியும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாருடைய பீர் எது என்று தெரியாது, கிளாஸில் எண் மட்டும். ஐந்தாம் எண்ணுக்கு நான் 31, மருமகன் 41. இருவருக்கும் ஏழு மார்க்குக்கு மேல் இடைவெளி வந்தால் பேசித் தீர்க்க வேண்டும் என்பது வழக்கம். நான் எழுதியிருந்தது 'உருகின வெண்ணெய், பின்னால் வருகிறது'. அவன், "வெண்ணெய் இல்ல மாமா, மால்ட்டோட வாசனை" என்றான். சரி, கிளாஸ் மேலே ஒரு சாசரை மூடி வைத்துப் பத்து நிமிடம் சும்மா இருந்தோம். திறந்ததும் சினிமா தியேட்டர் பாப்கார்ன். அவன் பேசவில்லை. பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தால் ஐந்தாம் எண் அவனே காய்ச்சியது.

அதன் பெயர் டையசெட்டில். ஈஸ்ட் விட்டுவிட்டுப் போகிற பொருள். பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைசியில் நிறைய ஹாப்ஸ் போட்டால் அதிலிருக்கும் நொதிகள் மிச்ச மாவுச்சத்தை உடைத்துக் கொடுத்து நொதித்தலை மறுபடி கிளப்பிவிடும். அது முடியும் முன்பே அவசரப்பட்டு டேங்கைக் குளிரவைத்தால் வெண்ணெய் அப்படியே நின்றுவிடும். இங்கே நம்மவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. நெய் மணம் நம் மூக்குக்குக் குற்றமாகப் படாது. சந்தோஷமாக 'மணமாக இருக்கிறது' என்று எழுதிவிடுவோம். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் ஏமாந்தேன்.

கசப்பு என்றாலே கசப்புதானே, அதில் நல்லது கெட்டது என்ன? (ஓசூர்)

பாகற்காய்ப் பொரியல் சாப்பிட்டிருக்கிறீர்கள், நிலவேம்புக் கசாயமும் குடித்திருக்கிறீர்கள். பாகற்காய் கசந்துவிட்டு அடுத்த கவளத்துக்கு வழிவிடும். நிலவேம்பு தொண்டையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். பீரில் நான் தேடுவது பாகற்காயை. கசப்பு வேகமாக ஏறி, இருந்து, ஒழுங்காக இறங்க வேண்டும். பல்லில் வாழைப்பூத் துவர்ப்பு மாதிரி பிடித்தால் ஹாப்ஸ் அளவு மீறி ஊறிவிட்டது என்று அர்த்தம். எட்டு ஒன்பது சதவீதத்தில் ஆல்கஹாலும் ஒரு சோதனை. நெஞ்சில் லேசான சூடு பரவலாம். மூக்கில் நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் போல ஏறினால் மார்க்கைக் குறைத்துவிடுவேன்.

நுரை வராமல் கிளாஸைச் சாய்த்து ஊற்றுவதுதானே கெட்டிக்காரத்தனம்? ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தால்தானே ருசி? (பர்கூர்)

இரண்டும் தப்பு. கடைசியில் நேராக ஊற்றி இரண்டு விரல் நுரை எழுப்புங்கள், வாசனையை மேலே கொண்டுவருவது அதுதான். ஐஸ் குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும். 7 முதல் 10 டிகிரி போதும். குளிரவைத்துக் குறையை மறைப்பது கூழ் வியாபாரத்திலும் உண்டு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன். கிளாஸில் ஊற்றுவதற்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் காய்ச்சும் 'ஹெடி டாப்பர்' என்ற பிரபலமான டபுள் ஐபிஏ, 'டின்னிலிருந்தே குடி' என்று டின்னிலேயே அச்சடித்து வருகிறது. கிளாஸில் ஊற்றினால் வாசனை போய்விடுமாம். காய்ச்சினவர் சொல்கிறார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒயின் போல வருடக்கணக்கில் வைத்துக் குடித்தால் ருசி கூடுமா? (காவேரிப்பட்டினம்)

கூடாது. ஹாப்ஸ் பீரை வாங்குவது பூ வாங்குவது மாதிரி. பெங்களூரில் மருமகன் வீட்டு ஃபிரிட்ஜின் தலைமேல் ஒரு டின்னை மறந்து நான்கு மாதம் கழித்துத் திறந்தோம். கொய்யாவும் பம்பளிமாஸும் போய், தேனும் நனைந்த அட்டைப்பெட்டியும். மழைக்காலத்தில் எங்கள் கார்ட்டன் கோடவுனைத் திறந்தால் வருமே, அதே வாசனை. பழுப்பு ஆரஞ்சாக இருந்த பீர், அறுத்து வைத்த மாம்பழத் துண்டு மாதிரி கறுத்திருந்தது. காரணமும் ஒன்றேதான், ஆக்சிஜன். கலிஃபோர்னியாவில் ஸ்டோன் என்ற ப்ரூவரி, எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியையே பீருக்குப் பெயராக வைத்து விற்றது. டின்னில் தேதியைத் தேடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், மேலே அல்ல. பச்சை பாட்டிலில் வெயில் பட்டால் கதையே வேறு. ஹாப்ஸ் கசப்பு வெளிச்சத்தில் உடைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கின் நாற்றம் அடிக்கும்.

சைடிஷ்? (அரூர்)

மார்க் போடும்போது எதுவும் கூடாது. சும்மா குடிக்கும்போது பச்சை மிளகாய் போட்டதை மட்டும் தவிருங்கள். இந்தக் கசப்பும் ஆல்கஹாலும் காரத்தை ஏற்றிவிடும். ஒகேனக்கல் மீன் வறுவலோடு முயன்றவன் சொல்கிறேன், நாக்கு எரிந்ததுதான் மிச்சம். வேர்க்கடலை, உப்புக் குறைவாக.

வீட்டிலேயே காய்ச்சலாமா? இல்லையென்றால் பெங்களூரிலிருந்து நாலு டின் கொண்டுவரலாமா? (மத்தூர்)

காய்ச்சினால் வழக்கு. கொண்டுவந்தால் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். போய் அங்கேயே குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்புங்கள். பைக் வேண்டாம். ஒன்பது சதவீதத்தில் 330 மில்லி டின் பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் உள்ளே ஏறக்குறைய 30 மில்லி சுத்த ஆல்கஹால். ஐந்து சதவீதப் பெரிய பாட்டில் முழுசாக 650 மில்லி குடித்தாலும் 32 தான் வரும். வாசனை நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவது டின்னைத் திறப்பவர்கள்தான் படியில் உருளுபவர்கள்.

என் கணவர் 'டேஸ்டிங்' என்று மாதம் ஒருமுறை பெங்களூர் போகிறார். இது உண்மையிலேயே ஒரு வேலையா, குடிக்க ஒரு சாக்கா? (பெயர், ஊர் இரண்டும் வேண்டாம்)

அம்மா, அவர் திரும்பி வந்ததும் நோட்டைக் கேளுங்கள். நோட்டே இல்லை என்றால் சாக்கு. இருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நானும் அன்றைக்கு வந்து என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். முதல் பீருக்கு ஒன்பது வரி, 'செந்தூரா, தோல், வெள்ளை மிளகு' என்றெல்லாம். நாலாவதுக்கு ஐந்து வரி. எட்டாவதை அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தாள். கோணல்மாணலாக இரண்டே வார்த்தை: 'நல்லா இருக்கு'. படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.